காணாத வெளிச்சத்துக்கு லேலம்

அன்று சபை முற்றத்துப் பந்தலில் எங்கள் வீட்டிலிருந்து வந்திருந்தது அம்மாவும் நானும் மட்டும்தான். பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா பெண்கள் வரிசையில் இருந்தாள். அப்பாவின் கூட்டுக்காரரான ஆட்டோ அண்ணன் கிறிஸ்துமஸுக்கு மட்டும் சபைப் பக்கம் தலைகாட்டுகிறவர். அவரும் அன்று இஸ்திரி போட்ட சட்டையோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அப்பா இல்லை. ஆரியங்கோட்டில் யாரோ ரப்பர் தோட்டத்தைக் குத்தகைக்கு விடுகிறார்கள், பார்த்துவிட்டு வருகிறேன் என்று காலையிலேயே போய்விட்டார். அக்காவும் இல்லை. அவள் குவைத்தில் ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருத்தியைக் கவனித்துக்கொள்கிற வேலையில் இருக்கிறாள். இல்லாத இந்த இரண்டு பேரால்தான் அன்றைய கூத்தில் பாதி நடந்தது என்பது சாயங்காலம் வரை எனக்குத் தெரியாது.

அன்று ஆத்யபலப் பெருநாள். விளைச்சலில் முதலில் வந்ததைச் சபைக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்ததை ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் லேலம் விடுவார்கள். ஏலம்தான், எங்கள் பக்கம் லேலம். ஏத்தன் வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, சக்கை என்கிற பலாப்பழம், முட்டை, சேவல் எல்லாம் மேசைக்கு வரும். சந்தையில் நாற்பது ரூபாய்க்குக் கிடைக்கிற சக்கை இங்கே நானூறுக்குப் போகும். விலை ஏறும்போது மலையாளத்திலும் சண்டை வரும்போது தமிழிலும் நடக்கும். எழுதாத சட்டம் ஒன்று உண்டு: வைத்த வீட்டுக்காரர்கள் தாங்கள் வைத்த பொருளைக் கேட்கக் கூடாது. கேட்டால் அது காணிக்கை இல்லை, பவுசு.

பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தால் முதல் சம்பளம்தான் ஆத்யபலம். அதை ஒரு கவரில் போட்டு வைப்பார்கள். எங்கள் தெருமுனை வீட்டுப் பையனுக்கு வங்கியில் வேலை கிடைத்தபோது அவனுடைய அம்மா அந்தக் கவரைப் பிடித்துக்கொண்டு நடந்த நடையை அம்மா இன்றும் நடந்து காட்டுவாள். அம்மா ஒவ்வொரு வருஷமும் தேங்காய் வைப்பாள். போன வருஷம் தேங்காயை வைத்துவிட்டுத் திரும்பும்போது அந்த வங்கிக்காரனின் அம்மா கேட்டிருக்கிறாள்:

"பிள்ளே, ஒனக்க மோனுக்க படிப்பு இன்னும் காய்க்கல்லியா?"

வரிசையில் இருந்த பெண்கள் சிரித்திருக்கிறார்கள். அம்மா அதை என்னிடம் ஃபோனில் சொன்னபோது அழவில்லை. "இந்தக் கொல்லம் நீ காய்க்கணும், கேட்டியா" என்று மட்டும் சொன்னாள். கொல்லம் என்றால் எங்கள் பக்கம் வருஷம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான். அப்பா ரப்பர் வெட்டுகிறவர். அம்மாவுக்குத் தொழிலுறப்பு, அதாவது நூறு நாள் வேலை. அக்கா ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டாள். நான் பட்டப்படிப்பு, மேல்படிப்பு எல்லாம் முடித்து, பெங்களூரில் அகச்சிவப்பு வானியலில் ஆராய்ச்சி மாணவனாக இருக்கிறேன். உதவித்தொகை வருகிறது. அதன் முதல் மாதத் தொகையை வைக்கலாமே என்று கேட்டேன். அம்மா ஒப்பவில்லை.

"அது ஒனக்குப் படிக்கதுக்கு சர்க்காரு தாற பைசா. வெளச்சலு இல்ல. நீயா வெளய வச்சது என்னதுலே உண்டு?"

யோசித்துப் பார்த்தேன். ஒரு படம் இருந்தது.

வானத்தில் சில இடங்களில் தூசி மேகங்கள் இருக்கின்றன. கண்ணால் பார்த்தால் வெறும் கறுப்பு. ஆனால் அந்தக் கறுப்புக்குள்ளே நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும். அவற்றின் சாதாரண வெளிச்சத்தைத் தூசி தடுத்துவிடும். அகச்சிவப்பு மட்டும் நழுவி வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் அது. சூடாக இருக்கிற எதுவும் அதை வீசும்: நட்சத்திரமும் வீசும், அடுப்பும் வீசும், ஆளும் வீசுவான். லடாக் மலை உச்சியில் இருக்கிற ஒரு தொலைநோக்கியிலிருந்து எண்களாக வருவதைப் பெங்களூரில் உட்கார்ந்து நான் படமாக்குகிறேன். அப்படி முழுக்க நானே செய்த முதல் படம் அது.

பெருநாளுக்கு நான்கு நாள் முன்னால் ஊருக்கு வந்தபோது அப்பாவும் ஆட்டோ அண்ணனும் வீட்டு வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டார்கள்.

"அத நம்ம ஊருல இருந்து பாக்கக் கூடாதா?" என்றார் அப்பா.

"முடியாதுப்பா. நம்ம ஊரு காத்துல ஈரம் கூடுதலு. அந்த வெளிச்சத்த ஈரம் குடிச்சிரும்."

"பாத்தியளா அண்ணே, நம்ம ஊருல காத்தும் குடிக்கத்தான் செய்யும்" என்றார் ஆட்டோ அண்ணன்.

"செரி, நீ அங்க இருந்து என்ன செய்யுத?"

"கழிக்கேன்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் விளக்கினேன். தொலைநோக்கிக்கே சூடு உண்டு. அதற்கு மேலே இருக்கிற காற்றுக்கும் உண்டு. இரண்டும் அதே வெளிச்சத்தை வீசிக்கொண்டே இருக்கும். நட்சத்திரத்திலிருந்து வருவது ஒரு சொட்டு என்றால் இவை ஒரு குடம். அதனால் நட்சத்திரத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும். உடனே பக்கத்தில் ஒன்றுமில்லாத வானத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழிக்க வேண்டும். நம்முடைய சூடு போய்விடும். மிச்சம் இருப்பதுதான் நட்சத்திரத்தினுடையது.

"கழிச்சுக் கழிச்சுக் கடசீல எவ்வளவு மிச்சம் வரும்?"

"கொஞ்சம்."

"இதுக்காக்கும் இவ்வளவு கொல்லம் படிச்சது" என்றார் அப்பா. கோபமாக அல்ல, ஒரு கணக்கைச் சரிபார்க்கிறவரைப் போல.

நெய்யாற்றின்கரையில் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டோம். அச்சும் சட்டமும் சேர்த்து எண்ணூற்று ஐம்பது. பெருநாள் அன்று அம்மா அதைக் கவர் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு நடந்தாள். கவர் சின்னது; இது அவள் முகத்தையே மறைத்தது. வழி தெரியாமல் ஒரு தடவை காணிக்கைப் பெட்டியில் முட்டிக்கொண்டாள்.

படத்தை மேசையில் ஒரு ஏத்தன் குலை மேல் சாய்த்து வைத்தார்கள். பின்னால் ஒரு கூடையில் சேவல் இருந்தது. ஆராதனை முடிந்து லேலம் தொடங்குவதற்குள் அதைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது. கிட்டே போனபோதுதான் எல்லார் முகத்திலும் ஒரு துக்கத்தைப் பார்த்தேன்.

எங்கள் ஊரில் காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுக்காத வீடு கிடையாது. கறுப்பில் சிவப்பும் நீலமுமாகத் திட்டுத்திட்டாக ஒரு படம் இருந்தால் அது என்ன என்று எல்லாருக்கும் தெரியும்.

"ஆருக்க வயிறு மக்கா?" என்று ஒரு பெரியம்மா என் கையைப் பிடித்தாள். "ஒனக்க அப்பனுக்கா? அவன இண்ணைக்குக் காணவும் இல்லியே."

"வயிறு இல்ல பெரியம்மா. மேகம். உள்ள நட்சத்திரம் பிறக்கப் போவுது."

"பிறக்கப் போவுதா? அப்ப நல்ல காரியம்தானே, சிரிச்சிட்டு நில்லு" என்றாள். அதற்குள் அடுத்த வரிசையில் அப்பாவின் வயிற்றுக்காக இரண்டு பேர் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை நிறுத்துவது மரியாதையா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஆமென் சொல்லிவிட்டார்கள்.

லேலம் விடுகிறவர் சந்தையில் ஏத்தன் குலை வியாபாரம் செய்கிற மாமா. அவருக்கு மைக் தேவையில்லை. ஆனாலும் கமிட்டி வாங்கியிருக்கிறதே என்று பிடித்துக்கொள்வார். சக்கைகள் முடிந்ததும் படத்தைத் தூக்கினார். பழக்கத்தில் விரல் முட்டியால் கண்ணாடியை இரண்டு தட்டு தட்டிச் சத்தம் கேட்டார்.

"இது நம்ம ரப்பர் வெட்டுகாரனுக்க மோன் கொண்டுவந்த சாதனமாக்கும். நட்சத்திரத்துக்க படம். நூறு ரூவாய்க்கு ஆரு உண்டு?"

யாரும் இல்லை.

"அம்பது?"

சேவல் மட்டும் கொக்கரித்தது. கூட்டத்தில் ஒரு சிரிப்பு ஓடியது. அம்மா பெண்கள் வரிசையில் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். போன வருஷம் ஒருத்தி வைத்த பின்னல் விரிப்பை யாரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவள் வேறு சபைக்குப் போகத் தொடங்கிவிட்டாள்.

மாமா மைக்கைத் தாழ்த்தி என்னைக் கூப்பிட்டார். "மக்கா, இதப் பற்றி ரெண்டு வார்த்த நல்லதா சொல்லு. அந்த நெறத்தப் பற்றி சொல்லு. நல்ல நெறம்."

நான் மைக்கை வாங்கி, "இந்த நிறம் உண்மையில் அங்கே கிடையாது" என்று ஆரம்பித்தேன். "இது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். நிறமெல்லாம் நாங்கள் பிறகு போட்டது."

"எல்லாமுமா?"

"எல்லாமும்."

மாமா மைக்கைத் திரும்பப் பிடுங்கினார். "நீ மிண்டாம நில்லு. நான் குலைக்கு மருந்து வச்சுப் பழுக்க வச்சா அத மைக்குல சொல்லுவேனா?"

ஆனால் அவரே அதைச் சொல்லிவிட்டதால் எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது: "கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் உண்டுங்கதுக்கு என்ன தெளிவு?"

ஆதாரம் கேட்டதும் எனக்கு ரத்தம் ஏறிவிட்டது. மைக் செட்டுப் பெட்டியின் மேல் அதனுடைய ரிமோட் கிடந்தது. எடுத்தேன். என் ஃபோனில் முன்பக்கத்துக் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் மூக்கை அதற்கு நேராகப் பிடித்து ஒரு பொத்தானை அமுக்கினேன். கண்ணால் பார்த்தால் ஒன்றுமில்லை. ஃபோன் திரையில் ரிமோட்டின் மூக்கில் வெள்ளையாக ஒரு பொட்டு பளிச்சிட்டது.

"பாருங்க! கண்ணுல படாது. கேமராவுல படும். அந்தப் படத்துல உள்ளதும் இதே ஜாதி வெளிச்சம்தான்!"

எந்தப் பொத்தானை அமுக்கினாலும் வெளிச்சம் வரும். நான் அமுக்கினது சத்தத்தை நிறுத்துகிற பொத்தான். மாமா அந்த நேரம் மைக்கில் இருபத்தைந்துக்குக் கூவிக்கொண்டிருந்தார். அவருடைய வாய் அசைந்தது, கை அசைந்தது, நரம்பு புடைத்தது, கூட்டத்தின் இரைச்சலுக்கு மேல் ஒரு சத்தமும் வரவில்லை. மறுபடி அமுக்கினேன், குரல் வந்தது. அமுக்கினேன், போனது.

"எலே, மாமனுக்க வாயக் காணாத வெளிச்சம் அடச்சுப்போட்டு!" என்று யாரோ கூவினார்கள். "இவ்வளவு கொல்லம் கமிட்டிக்கே முடியாத்த காரியமாக்கும்!"

பந்தல் குலுங்கியது. எல்லாரும் ஃபோனை எடுத்துக்கொண்டு ரிமோட்டைக் கேட்டு வந்தார்கள். அந்தக் கலகலப்பில் ஒருவர் நூறு என்றார், இன்னொருவர் இருநூறு என்றார். வங்கிக்காரனின் அம்மா எழுந்து கழுத்தை நீட்டிப் படத்தைப் பார்த்து, "நானூறு. எனக்க ஹாலுக்குச் சேரும்" என்றாள்.

அம்மா முந்தானை நுனியை விட்டுவிட்டாள். சபைக்கு அது போதும், எனக்கும் போதும். ஆனால் தையல்கார அக்கா எழுந்து "ஐநூறு" என்றாள்.

நான் திகைத்தேன். அவளுக்கு நட்சத்திரத்தில் ஆர்வம் உண்டு என்று எனக்குத் தெரியாது. பின்வரிசையில் ஆட்டோ அண்ணன் "ஆயிரம்" என்றார். அவரை நான் இரண்டு மடங்கு தப்பாக நினைத்திருக்கிறேன். தையல்கார அக்கா "ஆயிரத்து ஐநூறு" என்றாள். அண்ணன் "ரெண்டாயிரம்." அக்கா, கைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "ரெண்டாயிரத்து ஐநூறு." வங்கிக்காரனின் அம்மா உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது மாமாவின் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. எடுத்துக் கேட்டார். கண் விரிந்தது. "குவைத்தில இருந்து ஒரு ஆளு விளிக்கு! மூவாயிரம்!"

கூட்டம் அப்படியே மேசைப் பக்கம் திரும்பியது. கடல் கடந்து ஒரு சத்தம் வருகிறதென்றால் அந்தத் தூசியில் ஏதோ இருக்கத்தான் வேண்டும். படத்தை ஸ்கேன் என்று நினைத்தவர்கள்கூட எழுந்து நின்று பார்த்தார்கள். எனக்குக் கண் கலங்கியது. ஒரு தலைமுறையில் இவ்வளவு மாற்றமா என்று நினைத்தேன். ஊரில் ஒரு வானியல் கழகம் தொடங்கலாம், தையல்கார அக்காவைத் தலைவியாகப் போடலாம் என்றுவரை யோசனை போனது.

அண்ணன் மூவாயிரத்து ஐநூறு. குவைத் நாலாயிரம். அண்ணன் நாலாயிரத்து ஐநூறு. குவைத் ஐயாயிரம். தையல்கார அக்கா தலையைக் குனிந்து கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். மாமா படத்தைத் தலைக்கு மேல் தூக்கி, வலது மூலையில் தனியாக மின்னிய ஒரு வெள்ளைப் புள்ளியைக் காட்டினார்.

"இந்த ஒரு நட்சத்திரத்துக்கே தரணும் ஐயாயிரம்! எப்பிடி மின்னுது பாருங்க!"

அச்சடித்த பிறகுதான் அந்தப் புள்ளி என் கண்ணில் பட்டிருந்தது. அன்றிலிருந்து என்னை உறுத்திக்கொண்டிருந்தது. இத்தனை பேர் அறிவியலுக்காக இவ்வளவு பணம் கொடுக்கும்போது சும்மா நிற்க முடியவில்லை.

"மாமா, அது நட்சத்திரம் இல்ல" என்றேன். "அது கேமராவுக்குள்ள ஒரு புள்ளி கெட்டுப்போனது. இருட்டுல வச்சாலும் மின்னும். நான் நீக்க மறந்துட்டேன்."

மைக் வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

மாமாவின் கை மெல்ல இறங்கியது. ஆத்யபலத்தில் பழுதுள்ளதை வைக்கக் கூடாது. அது எழுதின சட்டம். நொண்டிச் சேவலைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், வெடித்த சக்கையை எடுத்து மாற்றியிருக்கிறார்கள். கமிட்டிக்காரர்கள் மூன்று பேர் தலையைச் சேர்த்துக்கொண்டார்கள். வங்கிக்காரனின் அம்மா பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொன்னாள். அம்மா எழுந்து நின்றாள். என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. வழியில் குடத்தைப் போட்டு உடைத்த பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

"கேடு உள்ளதுண்ணா திருப்பிக் கொடுக்கணும்" என்றார் கமிட்டிக்காரர் ஒருவர்.

"நில்லுங்க" என்று மாமா கையை உயர்த்தினார். அவர் முப்பது வருஷம் குலை விற்றவர். கேட்க வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது அவருடைய ரத்தத்தில் இல்லை. "மக்கா, கேடு நட்சத்திரத்துக்கா, கேமராவுக்கா?"

"கேமராவுக்கு."

"கேட்டியளா! குலைக்குக் கேடு இல்ல. சாக்குக்காக்கும் கேடு. சாக்கு கிழிஞ்சா குலையத் திருப்பி அனுப்புவமா?"

கமிட்டிக்காரர்கள் அதை யோசித்துப் பார்த்தார்கள். அவர்களும் குலை விளைவிக்கிறவர்கள்தான். சரி என்று கை காட்டினார்கள். ஆனால் குவைத்தில் பேச்சு இல்லை. லைன் போய்விட்டது.

"ஐயாயிரம், ஒரு தரம்" என்றார் மாமா, ஃபோனைப் பார்த்துக்கொண்டே. "ஆளு போயாச்சு. ஆரும் இல்லியா? ரெண்டு தரம்..."

ஆட்டோ அண்ணன் எழுந்து, சபையில் முதல் தடவையாகப் பேசுகிறவரின் குரலில் சொன்னார்: "அஞ்சாயிரத்து ஐநூறு. அந்தக் கெட்ட புள்ளியும் சேத்து வேணும்."

மூன்று தரம் ஆயிற்று. அடுத்தது சேவல்.

வீட்டுக்கு வந்து அம்மா சட்டி வைப்பதற்குள் ஆட்டோ வந்து நின்றது. முன்னால் அண்ணன். பின்னால் அப்பா, மடியில் படம்.

"ஆரியங்கோடு?" என்றாள் அம்மா.

"போகல்ல. முக்குல சாயக்கடையில இருந்தேன்" என்றார் அப்பா. "பய மைக்கக் கண்டா உள்ளதையெல்லாம் சொல்லிப்போடுவாம்ணு எனக்குத் தெரியும். அவன் என்ன சொன்னாலும் நிறுத்தாதேண்ணு இவன்கிட்ட பைசாவும் குடுத்துச் சொல்லி விட்டேன்."

"எனக்கு நிறுத்தாண்டாம்ணு சொல்ல ஆரும் இல்லியே" என்று வேலிக்கு அப்பாலிருந்து தையல்கார அக்கா வந்தாள். அவள் கையில் சேவல் இருந்தது. "எக்கா, நீங்க தந்த ரெண்டாயிரத்து ஐநூறு கொண்டு முடியல்ல. வெறுங்கையோட வர மனசும் வரல்ல. இத அறுநூற்று நாப்பதுக்கு எடுத்தேன். மிச்சம் இன்னா."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சேவலைப் பார்த்தாள். அப்போது என் ஃபோன் அடித்தது. அக்கா.

"எலே, இந்தக் கிழவி எழும்பிப்போட்டு, ஃபோன வைக்க வேண்டி வந்து! அஞ்சாயிரத்துக்கு எனக்குக் கிட்டிச்சா? ஆருலே அந்த நாசமாப் போறவன், எனக்க மேல மேல கேட்டது?"

ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது. நாசமாப் போகிறவர் மடியிலிருந்த படத்தை மெல்லச் சுவரில் சாய்த்துவைத்து, "நான்தான் மக்கா" என்றார்.

 குவைத்தில் அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். கிழவி மறுபடி எழுந்துவிடுவாள் என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது.

எனக்குத்தான் ஏமாற்றம். வானியல் கழகம் ஒரே நிமிஷத்தில் கலைந்துவிட்டது. தொழில் புத்தியில் மனதுக்குள் கழித்துப் பார்த்தேன். அப்பா சொல்லிவிட்டது கழித்து, அம்மா கொடுத்துவிட்டது கழித்து, குவைத் கழித்து: எங்கள் வீட்டுச் சூடு முழுவதும் போன பிறகு மிச்சம் நானூறு ரூபாய். அதைச் சொன்னேன்.

"நானூறு கேட்டது ஆரு?" என்றாள் அம்மா.

"வங்கிக்காரனுக்க அம்மா. ஹாலுக்குச் சேரும்ணாவ."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "அவளா? அவளுக்க வாயாலயா? ஒனக்க படத்தயா?" இன்னும் இரண்டு தடவை என்னைச் சொல்லவைத்துக் கேட்டாள். நானூறு என்று நான் சொன்ன ஒவ்வொரு தடவையும் அவள் முகத்தில் அது ஏறிக்கொண்டே போனது.

படத்தை அவளே இடம் பார்த்து, வாசல் வழியாகப் போகிறவர்களுக்குத் தெரிகிற சுவரில் மாட்டச் சொன்னாள். அண்ணன் ஆட்டோவில் காத்திருந்ததற்கு இருநூற்று ஐம்பது கேட்டார், கொடுத்தோம். ஆணி இருபது ரூபாய்க்கு வாங்கினோம். சேவல் இன்னும் கொல்லையில் இருக்கிறது. அம்மா அறுக்க விடவில்லை. எங்கள் வீட்டின் முதல் விளைச்சல் எங்கள் வீட்டுக்கே திரும்பி வர, லேலமும் கண்ணாடிச் சட்டமும் சேவலும் ஆட்டோவும் ஆணியும் சேர்த்து, அக்காவின் ஃபோன் காசு நீங்கலாக, மொத்தம் ஏழாயிரத்து இருநூற்று அறுபது ரூபாய் ஆயிற்று.